மணி கால் வைக்காத மூலை

திண்டுக்கல் புறநகரில் எங்கள் வீட்டுப் புல்தரைக்கு ஸ்பிரிங்ளர் போட்டபோது, "எதுக்கு ரெண்டு பள்ளம்? ஒன்னாப் போட்ருவோம்" என்று என் கணவர் தண்ணீர்க் குழாயையும் போர் மோட்டார் வயரையும் சேர்த்தே புதைத்தார். நானும் தலையாட்டினேன்.

ஆறு மாதத்தில் மாமரத்தடி ஸ்பிரிங்ளர் மட்டும் மேலே எழும்பவில்லை. அங்கே தரை சொதசொதவென்று கிடந்தது. மோட்டார் ஓடும்போதெல்லாம் எங்கள் நாய் மணி அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போனது. அதற்கு ஈரம் பிடிக்காது போல என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை, கசிவு எங்கே என்று தெரிவதற்காக மோட்டாரை ஓடவிட்டேன். செருப்பு சேற்றில் மாட்டுமே என்று கழற்றிவிட்டு, மண்வெட்டியோடு போனேன். மணி வெறிபிடித்தாற்போல் குரைத்தது. ஒரு காலைத்தான் வைத்தேன். உள்ளங்காலில் சுரீரென்று ஏறியது. அலறிக்கொண்டு பின்னால் விழுந்தேன்.

எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டுத் தோண்டினார். விரிசல் விட்ட குழாயை ஒட்டியே, மேலுறை கிழிந்த வயர் கிடந்தது.

"மம்பட்டிய எறக்கிருந்தீங்கன்னா, இந்நேரம் வாசல்ல பந்தல் போட்ருப்பாங்கக்கா" என்றார்.

வயரைத் தனிப் பள்ளத்துக்கு மாற்றிவிட்டோம். மெயினை அணைக்காமல் இப்போது நான் ஸ்பிரிங்ளர் பக்கமே போவதில்லை.

மணி மட்டும் இன்னும் அந்த மூலையில் கால் வைக்கவில்லை. அது வைக்கும்வரை நானும் வைப்பதாக இல்லை.