கங்கையாவின் முகம்

என் அக்கா கமலம்மாவின் புருஷன் எத்திராஜ் மாமா கங்காதர நெல்லூரில் கரும்பும் கடலையும் போட்டவர். நல்ல உழைப்பாளி, சூதுவாது தெரியாது. ஆனால் வெளியே கிளம்புகிற விஷயத்தில் மட்டும் அவரோடு குப்பை கொட்ட முடியாது. எதிரில் ஆகாத முகம் வந்தால் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். பயிர் வைக்கிறவனுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?

அந்த முகங்களில் முதல் இடம் கங்கையாவுக்கு. பங்காருபாளையம் பக்கத்து வண்டிக்காரர். மாமாவுக்குப் பேர் தெரியும், பேசியது கிடையாது. திருப்பதியில் மொட்டையடிக்கிற இடத்தில் அவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். உழவு மாடு செத்துக் கிடந்தது. சித்தூர் கோர்ட்டு வாசலில் பார்த்தார்; நிலத்து வழக்கு தோற்றது. வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தார். அன்று சாயங்காலமே அக்காவின் முதல் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அதன்பிறகு நானும் மாமாவைக் கேலி பேசுவதை விட்டுவிட்டேன். பெற்ற குழந்தையை மண்ணில் வைத்தவரிடம் என்ன வாதாடுவது?

ஆந்திரா பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லைத் தகராறு சூடாக இருந்த சமயம் அக்கா மறுபடி உண்டானாள். அவளுக்கு வலி கண்ட அன்று பஸ்களை மறித்து நிறுத்திவிட்டார்கள். பிள்ளை தலை திரும்பவில்லை, உடனே சித்தூருக்குக் கொண்டுபோங்கள் என்றாள் மருத்துவச்சி. ஊர் வண்டிகளெல்லாம் கரும்பு ஏற்றப் போயிருந்தன. நானும் மாமாவும் அக்காவைத் தாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கங்கையா.

மாமா அக்காவின் தோளைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பினார். "வா, உக்காந்து கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வருவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பேன். அதற்குள் கங்கையாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேற வண்டி பாத்துக்குங்கம்மா. இவரப் பாத்தா எனக்கு ஆவறதில்ல. கோர்ட்டுல பாத்தேன், என் கேஸு பூடுச்சி. ஆஸ்பத்திரில பாத்த அன்னிக்கி எங்க அண்ணன் செத்துட்டாரு."

தன் முகமும் ஒருவருக்கு ஆகாத முகம் என்று மாமா கனவிலும் நினைத்ததில்லை.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தோசமா எவன்யா வரான்? அங்க பாத்தா கஷ்டத்துலதான் பாப்பீங்க. ரெண்டு பேரும் பயந்துகினு இங்கியே நில்லுங்க. வரலட்சுமி, என்ன வண்டில ஏத்துடி."

ஏற்றினேன். மாமாவும் ஏறினார். கங்கையா மாட்டையே பார்த்து ஓட்டினார். மாமா பின்னால் ஓடும் ரோட்டைப் பார்த்தார். திருப்பதிக்குப் போய் வந்தபோது செத்த மாட்டுக்கு மட்டும் அக்கா காரணம் சொல்லவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். பெண். அக்காவும் பிழைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கங்கையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். "நான் கெளம்பறேன். கொயந்த மேல என் பார்வ பட வேணாம்."

மாமா குழந்தையை வாங்கிக்கொண்டு நேராக அவரிடம் போனார். மாமாவே இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"துண்ட எடு கங்கையா. மொதல்ல நீ பாரு" என்றார்.