டெட்மரின் விரிசல்

டெட்மர் தச்சனுக்கு மூன்று ஆண்டுகளாக நான்தான் உடம்பு துடைத்துவிடுகிறேன். நல்ல வேலைக்காரன், பெரிய பொறாமைக்காரன். இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் கடலோர ஊரில் கல் இல்லை, களிமண்தான். அதனால் நான் பணிவிடை செய்யும் இந்த நோயாளிகள் கூடத்துக்கும் செங்கல்லால் வளைகூரை எழுப்பினார்கள். முதலில் டெட்மர் மரத்தில் வளைவு செய்து நிறுத்தினான். அதன்மேல் வுல்பிராண்ட் கொத்தனார் செங்கல் அடுக்கினார். சுண்ணாம்பு இறுகும்வரை பாரம் முழுவதும் மரத்தின் மேல். இறுகியதும் மரத்துக்கு அடியில் செருகிய ஆப்புகளைத் தட்டிக் கழற்றி, மரத்தைப் பிரித்து அடுப்புக்குப் போட்டுவிடுவார்கள். பார்க்க வந்தவர்கள் கொத்தனாரையே புகழ்ந்தார்கள். டெட்மருக்கு ரொட்டி இறங்கவில்லை.

"என் மரத்து மேல ஏறி நின்னுக்கிட்டு அவன் பெரிய ஆளாயிட்டான்" என்று பீர்க்கடையில் புலம்புவான்.

ஆப்பு தட்டும்போது கொத்தனார் கீழே நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சுண்ணாம்பு இறுக, நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாள்வரை பொறுக்கச் சொல்லியிருந்தார் வுல்பிராண்ட். டெட்மர் ஐந்து வாரம் முன்பே சுத்தியலோடு வந்தான்.

"என்ன கொத்தனாரே, உம்ம சுண்ணாம்பு மேல உமக்கே நம்பிக்கை இல்லையா? இல்ல, காலு நடுங்குதா?"

"தட்டுடா, பாத்துருவோம்!" என்று அவர் போய் நடுவில் நின்றார்.

நான் வேண்டாமென்றேன். இருவரும் கேட்கவில்லை.

நாலாவது ஆப்பு கழன்றதும் கூரை முனகி ஒரு விரல் அளவு இறங்கியது. முதலில் அலறியவன் டெட்மர்தான். சுத்தியலை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கொத்தனாரைத் தள்ளினான். மரச்சட்டம் ஒன்று அவன் தொடைமேல் சரிந்தது. கூரை நின்றுவிட்டது, நீளமாக ஒரு விரிசலோடு. அவனுடைய முறிந்த காலை நான்தான் கட்டினேன். எலும்பு கோணலாகத்தான் கூடியது.

கூடம் திறந்தபோது விரிசலுக்கு நேர் கீழே கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டான். போன வாரம் வுல்பிராண்ட் ஏணியும் கரணையுமாக வந்தார்.

"பூசிடுறேன் டெட்மர். பாக்க அசிங்கமா இருக்கு."

"கைய வச்சே, ஊன்றுகோலாலயே போடுவேன். கூரை முழுக்க உன் பேருதான், பத்தலையா? அந்தக் கோடு என்னோடது."

"என் உசுரக் காப்பாத்துனியே, அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கயேன்யா!"

"அதுலயும் உன் பேரு வருதே!"

வுல்பிராண்ட் என்னைப் பார்த்தார். ஏணியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மாதாமாதம் குச்சியால் அளக்கிறேன். விரிசல் கூடவில்லை, ஆபத்தில்லை. சுண்ணாம்புப் பொடி மட்டும் உதிரும். தினமும் காலையில் அவன் போர்வையை உதற வேண்டியிருக்கிறது.