வரிசையில் நிற்காத அப்பா

ஒரு குளிர்காலத்தில், பாரிஸ் நகரத்து அரசாங்க மியூசியங்கள் எல்லாம் என் அப்பாவுக்குக் கட்டுப்பட்டவை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எட்டு வயது. சிரிக்காதீர்கள், கண்ணால் கண்டதைத்தான் நம்பினேன். டிக்கெட் எடுக்க வெள்ளைக்காரர்கள் குடையும் கையுமாக நீண்ட வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். அப்பா அந்த வரிசையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். நேரே வாசலுக்குப் போய், நாலாய் மடித்த ஒரு கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார். காவலர் கடிதத்தைப் பார்ப்பார், அப்பாவைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். அவ்வளவுதான், உள்ளே போய்விடுவோம்.

அதற்கு முன்பு அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே குறைவு. ஒரு பிரெஞ்சு உணவகத்தின் நிலவறைச் சமையலறையில் மீன் வெட்டுவதும் சோஸ் காய்ச்சுவதும் அவருடைய வேலை. நான் பள்ளிக்கூடம் போகும்போது நித்திரையாக இருப்பார், இரவு நான் நித்திரையான பிறகுதான் வீட்டுக்கு வருவார். பெப்ரவரி விடுமுறை வந்தால் என்னைப் பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே இரண்டு கிழமை, பதினாலு நாளும், சித்தப்பாவின் பெருமைக் கதைகளைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும்.

அந்த வருடம் மட்டும் அப்பா, பிள்ளையைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். உணவகத்தில் திருத்தவேலை நடக்கிறது, இரண்டு கிழமை பூட்டு என்று அம்மாவிடம் காரணமும் சொன்னார். அம்மாவுக்கு அப்போது ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு தமிழ் மரக்கறிக் கடையில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அவர் எனக்குத் தொப்பி போட்டுக் கூட்டிப்போகும்படி மட்டும் சொன்னார்.

உணவகம் பூட்டியிருக்கவில்லை. அது கைமாறியிருந்தது. புது முதலாளி சமையலறை ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்பா போய், வேலை தேடுபவர்கள் பெயர் பதிகிற அரசாங்கக் கந்தோரில் பதிந்துவிட்டு வந்திருந்தார். இதை அம்மாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அதுவரை மூச்சு விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார். இதெல்லாம் எனக்கு வெகு காலத்துக்குப் பிறகுதான் தெரியும்.

ஒளிப்பது என்றால், திரும்பின பக்கமெல்லாம் தமிழ் ஆட்கள் இருக்கிற எங்கள் லா ஷப்பலில் எங்கே ஒளிப்பது? ஐந்தாம் மாடியில் எங்களுடைய ஒற்றை அறையில் ஒரு பிள்ளையை நாள் முழுக்கப் பூட்டி வைத்திருக்க முடியாது. கீழே இறங்கினால் லூயி-பிளாங்க் தெருவில் பத்தடிக்கு ஒருவர், “என்னண்ணை, இண்டைக்கு வேலையில்லையோ?” என்று கேட்பார்கள். சும்மா கேட்கிற கேள்விதான். ஆனால் கேட்டவர் மத்தியானம் மரக்கறி வாங்க அம்மாவின் கடைக்குத்தான் போவார். தமிழ் ஆட்கள் எதிர்ப்படாத, சூடாக இருக்கிற, செலவில்லாத ஓர் இடம் அப்பாவுக்குத் தேவைப்பட்டது.

கந்தோரில் இருந்த ஒரு பெண்தான் வழி காட்டியிருக்கிறாள். பதிந்ததற்கு அத்தாட்சியாகக் கொடுக்கிற கடிதத்தைக் காட்டினால் தேசிய மியூசியங்கள் எல்லாவற்றுக்கும் போகலாம், காசில்லை என்று சொல்லி, பெயர்கள் அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்திருக்கிறாள். அம்மாடி, எத்தனை பெயர்! ஆற்றங்கரையில் ஒன்று, மலிவுச் சாமான் விற்கிற தெருவுக்குப் பின்னால் ஒன்று, ரயிலேறிப் போனால் அரண்மனையோடு ஒன்று. அப்பா என்னுடைய பச்சைப் பேனாவை வாங்கி, போய்வந்ததற்கெல்லாம் சரி போட்டார். அம்மா கேட்டால் பார்க்குக்குப் போனோம் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் எனக்குக் கட்டளை. பாதுகாக்க ஓர் இரகசியம் கிடைத்த பெருமையில் நான் ஏன் என்று கேட்கவேயில்லை.

அப்பா மியூசியம் பார்க்கும் விதமே வேறு. சிலை என்று கண்டால், அது கையில்லாத கிரேக்கத்துப் பெண்ணாக இருந்தாலும், வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் அடுத்ததுக்குப் போவார். அரசர்களின் படங்களில் அவருக்கு அக்கறையில்லை. சாப்பாட்டுச் சாமான் வரைந்த படம் வந்தால் மட்டும் கால் நின்றுவிடும். தூக்கிக் கட்டிய முயல், தோலுரித்த எலுமிச்சம்பழம், வெள்ளித் தட்டில் மீன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சந்தையில் நிற்பது மாதிரி நிற்பார்.

“இது நேற்றையான் மீன், பிள்ளை. கண்ணைப் பார். குழிஞ்சுபோச்சு. வரைஞ்சவனை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்.”

பக்கத்தில் நாற்காலியில் இருந்த காவல்காரப் பெண், உன் அப்பா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டாள். மொழிபெயர்த்தேன். அவள் எழுந்து வந்து மூக்கு முட்டுகிற தூரத்தில் மீனைப் பார்த்தாள். இந்த அறையில் இத்தனை வருடம் இருக்கிறேன், இதுவரை யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை என்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அன்று திரும்பி வரும்போது மெட்ரோவில் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதல் கிழமையே எட்டிப் பார்த்து வாசித்துவிட்டேன். வீட்டில் பிரெஞ்சு வாசிப்பதில் நான்தானே புலி. அப்பாவின் பெயருக்குக் கீழே ‘துமாந்தோர் தாம்ப்ளுவா’ என்று இருந்தது. துமாந்தோர் என்றால் கேட்பவர். மிச்சம் இருக்கிற ஆம்ப்ளுவா என்ற சொல்லும் எனக்குத் தெரியும். எங்கள் வகுப்புக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிற நேரசூசிக்குத் தலைப்பே ‘ஆம்ப்ளுவா து தாம்’தான். எந்த மணிக்குக் கணக்கு, எந்த மணிக்கு விளையாட்டு என்று அதில் இருக்கும். ஆகவே என் அப்பா, தனக்கு வேண்டிய நேரசூசியைத் தானே கேட்டு வாங்கக்கூடிய ஆள். அந்தச் சொல்லுக்கு வேலை என்று இன்னொரு பொருள் இருப்பதையும், கடிதம் சொல்வது ‘வேலை கேட்டு நிற்பவர்’ என்பதையும் எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. தலைமை ஆசிரியைக்குக்கூட அப்படி ஒரு கடிதம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் கிழமை திங்கட்கிழமை. ஆற்றங்கரை மியூசியத்து வாசலில் அப்பா கடிதத்தை எடுத்தார். அது மடிப்புக் கலைந்து, நீவி, ஒரு கண்ணாடிப் பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. மரக்கறிக் கடைகளில் விலை எழுதிய தாளைப் போட்டுத் தொங்கவிடுவார்களே, அந்த உறை. அப்பா அதைப் பார்த்தபடியே நின்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காவலர் இரண்டு தரம் “மிசியே” என்று கூப்பிட்டார்.

“நீயோ இதுக்குள்ள போட்டனி?” என்று அப்பா கேட்டார். நான் இல்லையென்றேன். அன்றைக்கு எந்தச் சிலையையும் அவர் சுற்றவில்லை. மீன் படத்தைக்கூடத் தாண்டிப் போய்விட்டார்.

திரும்பும்போது மெட்ரோவை விட்டு இறங்கி நேரே அம்மாவின் கடைக்குப் போனோம். அப்பா உள்ளே போகவில்லை, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றார். அம்மா யாருக்கோ கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கடுதாசியில் சுற்றிய இரண்டு மரக்கறி ரோல்ஸை என் கையில் தந்தார். அப்பாவின் கழுத்துச் சால்வையை இழுத்துச் சரிசெய்தார்.

“பிள்ளையைக் குளிருக்குள்ள கொண்டு திரியாதேங்கோ. நல்ல சூடான மியூசியமாப் பாத்துப் போங்கோ.”

சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். அப்பா மூக்கை உறிஞ்சினார், குளிர் என்றார். எனக்கோ ஆத்திரம். நான் கட்டிக் காத்த இரகசியம்! ஒரு கிழமையாக இல்லாத பார்க்கில் இல்லாத ஊஞ்சல் ஆடியதாகக் கதை சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு மியூசியம் என்று எப்படித் தெரிந்தது? உடுப்புத் தோய்க்கிறவர் சட்டைப்பையைத் தடவிப் பார்க்காமல் தோய்ப்பதில்லை என்பதும், அந்தப் பையில் கடிதத்தோடு பச்சைச் சரி போட்ட தாளும் இருந்தது என்பதும் எட்டு வயதுப் புத்திக்கு எட்டவில்லை.

ஆனால் ஒன்று விளங்கியது. அம்மாவே வாயால் சொல்லிவிட்டபடியால் இனி அது இரகசியமில்லை. அந்தச் சனிக்கிழமை பியர்ஃபித்தில் சித்தியின் மகனுக்குப் பிறந்தநாள். ஒரு மண்டபம் எடுத்து, பலூன் கட்டி, சொந்தக்காரரையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். சித்தப்பா வழக்கம்போலத் தொடங்கினார். பிள்ளைகளை எந்த விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார், அங்கே எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்குமா? நாங்கள் அரண்மனைக்கே போனோம், வரிசையில் நிற்கவில்லை, அப்பாவிடம் கடிதம் இருக்கிறது என்றேன்.

என்ன கடிதம் என்று சித்தப்பா கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, சுத்தமான பிரெஞ்சில் சொன்னேன். துமாந்தோர் தாம்ப்ளுவா.

சுற்றி இருந்தவர்களில் அந்தச் சொல் தெரியாதவர் ஒருவரும் இல்லை. வந்த புதிதில் எல்லோரும் ஒருமுறையாவது அந்தக் கந்தோர் வாசலில் நின்றவர்கள்தான். கதை அப்படியே நின்றுபோனது. அப்பா கையில் இருந்த கடுதாசித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்ததை நான் கண்டேன். இவர்களுக்கு விளங்கவில்லையாக்கும் என்று எண்ணி, நேரசூசி கேட்டு வாங்குகிற கடிதம் என்று விளக்கமும் கொடுத்தேன்.

அப்போது அம்மா கட்லட் தட்டோடு வந்து, சித்தப்பாவுக்கு நேரே நின்றார்.

“ஓம் தம்பி, பிள்ளை சரியாத்தான் சொல்லுது. இத்தனை வருசம் ஒரு நாள் மகளோட நிக்காத மனுசன். இப்பதான் நேரம் கேட்டு வாங்கியிருக்கிறார். நீரும் ஒருக்காக் கேட்டுப் பாருமன்.”

யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். அது கேலிச் சிரிப்பில்லை, எனக்கும் அது தெரிந்தது. சித்தப்பா பெருமைக்காரர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. தட்டிலிருந்து இரண்டு கட்லட்டை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தார், தோளில் கையைப் போட்டு அவரை மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். கேக் வெட்டுகிற நேரத்துக்குத்தான் இருவரும் திரும்பி வந்தார்கள். சில கிழமைகளில், தனக்குத் தெரிந்த ஓர் உணவக முதலாளியின் தொலைபேசி நம்பரோடு சித்தப்பா எங்கள் ஐந்து மாடியையும் ஏறி வந்தார். அன்று நான் வாயைத் திறந்திராவிட்டால் அந்த நம்பர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது. வாய்க்காரி என்று என்னைத் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளட்டும்.

வசந்தகாலம் வந்தது. அப்பா பழையபடி நான் நித்திரையான பிறகுதான் வீட்டுக்கு வந்தார். பச்சைப் பேனாத் தாளில் சரி போடாத பெயர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சவரம் செய்து, பிறந்தநாளுக்குப் போட்ட சட்டையைப் போட்டார். அம்மாவும் கடையில் லீவு சொல்லிவிட்டு எங்களோடு வந்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடிதத்தின் மகிமையை அம்மா இன்றைக்கு நேரில் காணப்போகிறார்!

மியூசியத்து முற்றத்தில் டிக்கெட் வரிசை வளைந்து வளைந்து கிடந்தது. அப்பா அதன் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். வாசல் அந்தப் பக்கம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். கடிதம் எங்கே என்று கேட்டேன்.

“அது இப்ப செல்லாது, பிள்ளை” என்றார் அப்பா. “எனக்கு இனி அது தரமாட்டினம்.”

வெள்ளைக்காரருக்கு நடுவில், எல்லாரையும்போல, வரிசையில் என் அப்பா! இரண்டு கிழமை இந்த நகரத்துக் கதவெல்லாம் தலையசைப்பில் திறந்த மனிதர்! கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அந்த முற்றமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

“அப்பா, உங்களை வேலையால நிப்பாட்டிப்போட்டினமோ?”

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. வரிசைக்குக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்பா என்னைத் தூக்கினார். எட்டு வயதுப் பிள்ளையை ஏன் தூக்குகிறார் என்று நான் உதறினேன். அவர் விடவில்லை.

“ஓம் பிள்ளை,” என்றார், சிரிப்பை அடக்கமுடியாமல். “நிப்பாட்டிப்போட்டினம்.”

டிக்கெட் சாளரத்தில் அப்பா இரண்டு டிக்கெட் வாங்கினார், பிள்ளைகளுக்கு டிக்கெட் தேவையில்லை. ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். மற்றதைக் கசங்காமல் அந்தப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, கடிதம் இருந்த பையில் வைத்தார். நான் இரண்டு அறை தாண்டும்வரை விக்கிக்கொண்டே போனேன். எங்கள் குடும்பம் இப்படி விழுந்துபோயிருக்கிற நேரத்தில், இந்த இருவரும் ஏன் கையைக் கோத்துக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு, ஒவ்வொரு சிலையையும் வலம் வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.