பொம்மைப் போலீஸ் மாமா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். திருநீறு பூசாமல் வாசல் தாண்டாதவன், காக்கி போட்டே காலத்தை ஓட்டியவன், ஒரு ஜப்பான் கார்ட்டூன் போலீஸ்மேல் பொறாமைப்பட்டான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்தால் சிரியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனால், சாமி மாடத்தில் நடராஜர் படத்துக்குப் பக்கத்தில் அவன் நிற்கிறான். உருண்டைக் கன்னம், நீலச் சட்டை, வெள்ளை சைக்கிள். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த மகள் வண்டிச் சாவியை அங்கே வைத்திருக்கிறாள். அதில் தொங்கும் ரப்பர் பொம்மை அவன். எடுத்து ஓரமாக வைத்தேன். கையில் ரப்பர் வாசனை ஒட்டிக்கொண்டது.

எனக்கு அது மழைக்கோட்டு வாசனை. முதுநகரில் குடியிருந்தபோது, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எங்களுக்கு அங்கேதான் டூட்டி. நனைந்து வீடு திரும்பினால், பூட்ஸ் சத்தம் கேட்டதுமே மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். எல்லாம் சோற்றால் வந்த வினை. பிள்ளை சாப்பிட அடம்பிடித்தால் தெருவிலுள்ள அம்மாக்கள் எங்கள் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். என் மனைவியும் அதே பாட்டுதான்.

"தின்னுடி, இல்லன்னா போலீஸ் வந்து இட்டுக்கினு போயிடும்!"

"அந்தப் போலீசே நான்தானடி" என்றேன் ஒருநாள்.

"அதனாலதான் ரெண்டு வாய் உள்ள போவுது. சும்மா இருங்க."

சாயங்காலம் டிவியில் அந்த ஜப்பான்காரன் தமிழ் பேசிக்கொண்டு வந்துவிட்டால் மிரட்டலே வேண்டாம், சோறு தானாக இறங்கும். தெருமுனையில் பெட்டிக்கடை அளவு ஸ்டேஷன், அதில் அவன் ஒருவன். யார் வந்தாலும் தொப்பியைக் கழற்றி, இடுப்பு மடங்கக் குனிந்து கும்பிடு போடுவான். காணாமல் போன பூனையைத் தேடிக் கொடுப்பான். 'போலீஸ் மாமா, போலீஸ் மாமா' என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். அவனுக்கு மந்திரி வருகை உண்டா, தேர் பந்தோபஸ்து உண்டா? பூனை கிடைத்தால் கதை முடிந்தது. எனக்கு மட்டும் பூனை தேடத் தெரியாதா?

"அவருதான் நல்ல போலீஸ்" என்றாள் மகள்.

"அப்ப நானு?"

"நீ புடிச்சிக்கினு போற போலீஸ்."

அன்றைக்குச் சோறு எனக்குத்தான் இறங்கவில்லை.

ஒரு வருஷம் ஆனித் தேருக்குச் சிதம்பரம் கீழவீதியில் எனக்குப் பந்தோபஸ்து. தரிசனத்துக்கு வந்த மனைவி நெரிசலில் பிள்ளையைத் தவறவிட்டுவிட்டாள். அவள் ஓடிவந்து சொன்னதும் எனக்குத் தேரும் தெரியவில்லை, கூட்டமும் தெரியவில்லை. 'பெருமானே, பெருமானே' என்று வாய் அரற்ற, வீதி முழுக்கத் தேடி, கடைசியில் ஒரு பொரிகடை ஓரமாகக் கண்டேன். கடைக்கார அம்மா, "அழுவாத கண்ணு, இதோ போலீஸ் வந்துட்டாரு பாரு" என்றார். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். காக்கியைப் பார்த்ததும் பிள்ளை வீறிட்டுக்கொண்டு அந்த அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துவிட்டாள். தொலைந்துபோனதற்காகப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டேனாம்.

எனக்கு என்ன தோன்றியதோ, தொப்பியைக் கழற்றினேன். நடுவீதியில் இடுப்பு மடங்கக் குனிந்தேன்.

அழுகை நின்றது. முந்தானையை விலக்கிப் பார்த்தாள், சிரித்தாள். ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, "போலீஸ் மாமா!" என்றாள்.

கூட நின்ற போலீஸ்காரர் விடுவாரா? "என்ன ஏட்டையா, பெத்த பொண்ணே மாமாங்குது!"

பிள்ளையைத் திருப்பித் தந்தவர் தேரில் நின்ற பெருமான். குனிந்த முதுகு என்னுடையது. பேர் மட்டும் அவனுக்கு.

விளக்கை ஏற்றிவிட்டு, "இவன இன்னுமா வச்சிருக்க?" என்று மகளைக் கேட்டேன்.

"அவருதானப்பா என்னைத் தேர்ல கண்டுபுடிச்சாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேலியா நிஜமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த டிவி பழைய சாமானோடு போயிற்று. அவனுக்குத் தமிழில் பேசிய குரல் யாருடையதோ, இப்போது போனில் போட்டால் ஜப்பான் பாஷைதான் பேசுகிறான். என் காக்கியும் போயிற்று. பூட்ஸ் சத்தமும் இல்லை, கதவுக்குப் பின்னால் ஒளியப் பிள்ளையும் இல்லை. அவன் மட்டும் ரிடையர் ஆகாமல், ஒரு முடி நரைக்காமல் அவள் சாவியில் ஆடிக்கொண்டிருக்கிறான்.

இதை நாலு பேருக்குச் சொல்வதானால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். கேட்பவர் மனசு ஆறட்டும் என்று, கடைசியில் பிள்ளை 'அப்பா' என்று கூப்பிட்டதாகச் சேர்த்துவிடாதீர்கள். அன்றைக்கு அவள் கூப்பிட்டது மாமா என்றுதான்.