சாப்பிடக் கூப்பிட்ட பேய்

பன்னிரண்டரை ஆனதும் தையல் மெஷினை விட்டு எழுந்து, வாசலில் நின்று, சிவப்புத் துண்டு ஒன்றைத் தலைக்கு மேல் மூன்று சுற்று சுற்றுகிறார் பேயக்கா. நாற்பது அடி தள்ளி, கடலோரக் கொட்டகையில் படகு என்ஜினுக்குள் தலையை விட்டிருக்கும் கணவர் அதைப் பார்த்தால் சாப்பிட வருவார். பார்க்காவிட்டால் அக்காவே போய்த் தோளைத் தொட வேண்டும். முப்பது வருட டீசல் இரைச்சல் மெக்கானிக்கின் காதைத் தின்றுவிட்டது. காது போய் ஆறு வருடம்; துண்டுக்கும் அதே வயது.

அக்காவின் தொழில், படகுகளுக்குத் தார்ப்பாய் தைப்பது. ஊசி விரலில் ஏறினால்கூட வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்குத்தான் இந்தப் பட்டப்பெயர். தபால்காரர்கூட, “பேயக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்கிறார். “பேய் எங்க போகும், உள்ளதான் இருக்கு” என்று பதில் வரும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சினிமாப் பைத்தியங்கள் நாலைந்து பேர் இந்த ஊரில் ஒரு பேய்ப் படம் எடுத்தார்கள். பேயின் வெள்ளை அங்கி, அக்கா மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்தது. உடம்பும் உடையும் இருந்த பேய்க்குக் குரல்தான் அமையவில்லை. ஒரு மதியம் ஒலிப்பதிவுக்காரர் அலைச் சத்தம் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்கா வழக்கம்போல் வாசலிலிருந்து கூப்பிட்டார்: “ஏங்க... சாப்பாடு ஆறுதுங்க...” அதுவும் டேப்பில் விழுந்துவிட்டது. மெதுவாக ஓடவிட்டுக் கேட்டவருக்கு முதுகு சில்லிட்டது. அதுவே பேயின் ஊளையாயிற்று.

படம் வந்த அன்று தியேட்டரே அலறியது. பேய் ஊளையிட்டதும் மெக்கானிக் மட்டும் அக்காவின் காதருகே குனிந்து, “சாப்பாடு ரெடியாயிடுச்சு போல” என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் முன் வரிசையே திரும்பி முறைத்தது. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அக்காவுக்கு வார்த்தை பாதியில் நின்று சிரிப்பு முந்திக்கொள்ளும். அந்த நாட்களில் ஒரு குரல் போதும், மனுஷன் வந்து நிற்பார்.

போன மாதம் இரண்டாம் பாகம் எடுக்க வந்தார்கள். டைரக்டர் புதியவர், ஒலிப்பதிவுக்காரர் மட்டும் பழையவர், தாடி நரைத்திருந்தது. இந்தப் பாகத்தில் பேய்க்கு வேலை ஜாஸ்தி, பழைய ஒரு கூவல் போதாது என்றார்கள். அக்கா பெரிதாக ஆசை காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு வாரம் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்ததை வீடே பார்த்தது.

மைக் முன்னால் நின்றதும், எண்ணெய் விடாத மெஷின் மாதிரி ஒரு கீச்சல்தான் வந்தது. ஐந்து முறை, ஆறு முறை. டைரக்டர் மரியாதையாகவே சொன்னார், நகரத்திலிருந்து வேறொரு பெண்ணை வரவழைத்துக்கொள்ளலாம் என்று. சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. கருவியைக் கழற்றாமல் நின்ற ஒலிப்பதிவுக்காரரிடம் மெல்லச் சொன்னார்:

“ஆறு வருஷமா நான் கூப்பிடவே இல்ல தம்பி. கேக்காத மனுஷனக் கூப்பிட்டு என்ன பண்ண? கூப்பிடறதுன்னா, அந்தப் பக்கம் ஆள் வேணாமா?”

ஒலிப்பதிவுக்காரர் நீள வயரை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். என்ஜினுக்குள் குனிந்திருந்த மெக்கானிக்கின் காதுகளில் ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தார். மெக்கானிக் இது என்ன கூத்து என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி ஸ்பேனரைத் திருகத் தொடங்கினார். திரும்பி வந்த ஒலிப்பதிவுக்காரர் மைக்கை அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

“இப்ப அண்ணனுக்குக் கேக்கும்க்கா.”

அக்கா துண்டைக் கொடியில் போட்டார். வாசற்படிக்கு வந்து இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

“ஏங்க... சாப்பாடு ஆறுதுங்க...”

கொட்டகையில் ஸ்பேனர் நின்றது. மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே, பக்கத்தில் கிடந்த கந்தலை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.