மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

எனக்கும் என் கொழுந்தன் பெண்டாட்டிக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றைந்து, பங்குனி வெயில். மயிலாடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் வேப்பிலை பரப்பி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள். முத்து காய்ந்ததும், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று முறை தலைக்கு விட்டார் மாமியார். மூன்றாம் தண்ணீர் விட்டாயிற்றென்றால் அம்மன் இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகும் உடம்புக்கு முடியவில்லை என்று வாயைத் திறந்தால் அது அம்மனையே குறை சொல்வது. எங்கள் ஊரில் யாருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது.

மூன்றாம் தண்ணீர் விட்ட பத்தாம் நாள் நான் உலக்கையைப் பிடித்துவிட்டேன். அவள் எழும்பவே இல்லை. இரண்டு மாதம் கழிந்தும் அப்படித்தான். பதினெட்டு வயசு. அம்மை வருவதற்கு முன் என்னைவிட வேகமாக நெல் குத்தியவள்.

"ஒரே அம்மை, ஒரே தண்ணி. பெரியவ எந்திரிச்சு வேலை செய்யலியா? இவளுக்கு மட்டும் என்ன கேடு? மடி பிடிச்சவ, சோம்பேறி!"

போவோர் வருவோரிடமெல்லாம் மாமியார் என்னைக் காட்டித்தான் பேசுவார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் அவள் பங்கு நெல்லையும் நான்தானே குத்தினேன்? பற்றிக்கொண்டு வரும். "ஏட்டி, எத்தனை நாளைக்கு இந்த நடிப்பு?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன்.

"நடிப்பில்ல யக்கா. தூங்கி எந்திரிச்சாலும் தூங்காத மாதிரியே இருக்கு" என்பாள். கல் கொத்தும் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். வீட்டுக்கு வீடு சிலை செதுக்கும் மயிலாடியில் அந்தச் சத்தம் கேட்காத பகல் உண்டா?

ஒருநாள் வைராக்கியமாக எழுந்து குளத்திலிருந்து நாலு குடம் தண்ணீர் சுமந்தாள். "பாத்தியா, நல்லாத்தானே இருக்கா!" என்றார் மாமியார். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளால் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்க முடியவில்லை. நான்தான் வாயில் ஊற்றினேன். கை நடுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நடிக்கிறவள் கை அப்படி நடுங்காது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேட்டேன். சிலருக்கு நோய் போனாலும் அது உடம்பைப் போட்ட போடு வருஷக்கணக்கில் நிற்கும், ஏன் ஒருத்தருக்கு நிற்கிறது, இன்னொருத்தருக்கு நிற்பதில்லை என்பது தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்ற அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

ஆடியில் அவள் அப்பாவுக்கு ஆளனுப்பினார்கள். "கூட்டிட்டுப் போவும்" என்று, வந்து நின்றவரிடம் கொழுந்தன் சுவரைப் பார்த்துச் சொன்னான். அப்படிப் போனவள் திரும்பி வரமாட்டாள், அவன் வேறு பெண் கட்டிக்கொள்வான் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவள் அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"மக்கா, நீயும் அவளும் ஒண்ணாத்தானே கெடந்தியோ. நீ சொன்னா இவங்க கேப்பாங்க. இது சீக்கா, மடியா?"

சீக்குதான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாமியார் முன்னால் அம்மனுக்கு எதிராகப் பேசப் பயம். அதைவிட, அவள் இருந்தால் அவள் வேலையும் என் தலையில்தான் என்ற எரிச்சல். 

"எனக்கு ஒண்ணும் செய்யலியே மாமா" என்றேன்.

அவர் திரும்பி மகளைக் கூப்பிட்டார். அவள் துணி மூட்டையோடு வந்து, மூச்சு வாங்க நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனி என் வேலையும் சேத்து நீங்க செய்யாண்டாம் யக்கா. இத்தனை நாளு ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க."

நக்கலாகச் சொல்லியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாவி, மனசாரச் சொன்னாள்.