கேள்வி கேட்காத நாள்

செங்கமலத்துக்கு வாய் சும்மா இருக்காது. கலஹாவில் பஸ் ஏறினால், பேராதனை வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியின் மாமியார் குணம், மருமகள் ஊர், வீட்டுக் கோழி அடை வைத்தது வரை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இறங்குவாள். கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவள் வாரத்தில் ஒருநாள் வாயைப் பூட்டிக்கொள்வாள் என்று சொன்னால் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது நிஜம். சனிக்கிழமைகளில், பிலிமத்தலாவையில், எலியாஸ் ஐயா வீட்டில்.

எலியாஸ் ஐயா யூதர். கொச்சியிலிருந்து வியாபாரத்துக்கு வந்த அவருடைய அப்பா இங்கேயே தங்கிவிட்டார். ஐயா பிறந்ததும் படித்ததும் கண்டியில். கொழும்பு வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவரும் ராஹேல் அம்மாவும்தான், பிள்ளைகுட்டி இல்லை. சுற்றுவட்டாரத்தில் அவர்கள் வேதத்துக்காரர் வேறு யாரும் கிடையாது. ஒரு சந்தேகம் என்றால் ஓடிப்போய்க் கேட்கக்கூட ஆளில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்னே ஐயா கடையைச் சாத்திவிடுவார். ராஹேல் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வேண்டுவார். அதோடு சரி. மறுநாள் வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், சுவிட்சைத் தொட மாட்டார்கள், வாகனத்தில் ஏற மாட்டார்கள். போன் அலுமாரிக்குள் அணைந்து கிடக்கும். ஆண்டவன் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்தான், அந்த ஓய்வில் நாமும் போய் உட்கார்ந்துகொள்வதுதான் சப்பாத் என்பார் ஐயா. கடைக்குச் சனிக்கிழமைதான் நல்ல வியாபார நாள், இந்த மனுஷனுக்குப் பைத்தியமா என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் சிரித்தார்.

செங்கமலம் அந்த வீட்டுக்குள் நுழைந்ததே ஒரு வெள்ளிக்கிழமை மழையில்தான். புருஷன் செத்து, தோட்டத்து வேலையும் நின்று, டவுனில் கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்துப்போனவள் அந்த வீட்டு ஓரத்தில் மழைக்கு ஒதுங்கினாள். உள்ளே கும்மிருட்டு. பொழுது சாய்வதற்கு முன் முன்னறை லைட்டைப் போட்டுவைக்க ராஹேல் அம்மா மறந்துவிட்டிருந்தார். அது இவளுக்கு எப்படித் தெரியும்?

"ஏம்மா இருட்டுல ஒக்காந்திருக்கீங்க? கரண்டு இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, தானே தடவிப்பார்த்து சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

ஐயா கைகொட்டிச் சிரித்தார். "பாத்தியா ராஹேல், அனுப்பிட்டான்!" என்றார்.

எதற்கெடுத்தாலும் அவருக்கு அதுதான் பேச்சு. காற்றில் ஒரு இலை விழுந்தாலும் மேலே இருக்கிறவன் பார்த்துத்தான் விழவைக்கிறான். பஸ் தவறினால் அதிலும் ஒரு நன்மை. மழை வந்தால் அது செங்கமலத்தை அனுப்ப. ஞாயிற்றுக்கிழமையே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பிறகுதான் ஐயா அந்தச் சட்டத்தைச் சொன்னார்.

"சப்பாத் நாள்ல நாங்க ஒன்னை ஒரு வேலையும் ஏவக் கூடாது, செங்கமலம். லைட்டைப் போடவான்னு நீ கேட்டு, நாங்க போடுன்னு சொன்னா அதுவும் ஏவுனதுதான். ஒனக்காப் பாத்து, செய்யணும்னு தோணுனா செய். ஆனா கேக்காத."

"எங்க வீட்டுக்காரரு இருந்தப்பவே நான் வாய மூடுனதில்லீங்க ஐயா," என்றாள் அவள். ராஹேல் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

ஆனாலும் பழகிக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, வாயை மூடிய பிறகுதான் அவளுக்குக் கண் திறந்தது. அறை மங்கினால் லைட், புழுங்கினால் ஃபேன். யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல். "இவ கண்ணுல அவன் இருக்கான்," என்பார் ஐயா. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத தன்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டார் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள், பாவி மனுஷி.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு அவசரம். தெல்தெனியவில் அண்ணன் மகளுக்குச் சடங்கு. தலை நிறையப் பூ, நல்ல சேலை. வேலையைச் சட்டுப்புட்டென்று முடித்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் உள்ளே நுழைந்தாள்.

ஐயா முன்னறைக் கதிரையில் சாய்ந்து கிடந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ராஹேல் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று செங்கமலத்தையே பார்த்தார். அவளும் பார்த்தாள். வேர்வைதான் தெரிந்தது. ஃபேனைப் போட்டாள். தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஐயா அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

'என்னய்யா, ஒடம்புக்கு முடியலியா?' உதடு வரைக்கும் வந்துவிட்டது. சனிக்கிழமையாச்சே என்று விழுங்கினாள். ராஹேல் அம்மா இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சடங்கு வீட்டில் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஐயா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஜஹானா டீச்சர்.

"செங்கமலம், எலியாஸ் ஐயா மவுத்தாப் போய்ட்டாரு. நெஞ்சு வலி."

"என்ன டீச்சர் சொல்றீங்க? காலையில என்னையப் பாத்துச் சிரிச்சாரே!"

"ராஹேல் அன்டி ரோட்டுக்கு ஓடி வந்து கத்தினாங்க. த்ரீவீல்ல ஏத்திக்கொண்டு போனோம். பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே..." டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். "போற வழியெல்லாம் அன்டிக்கு ஒரே பேச்சுத்தான். அவ கேப்பா, கேப்பான்னு நின்னேன், கேக்காமப் போய்ட்டாளேன்னு."

இலையில் போட்ட சோறு அப்படியே கிடந்தது.

சப்பாத்தில் அடக்கம் செய்யக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை, பொது மயானத்தில் ஒரு மூலையில் மண்ணைத் தள்ளினார்கள். பிரார்த்தனை சொல்லக் கொழும்பிலிருந்து அவர்கள் வேதத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடிவிட்டு, ரவிக்கை ஓரத்தைக் கிழித்துக்கொண்டு, ராஹேல் அம்மா தரையோடு ஒட்டிய ஒரு பலகையில் துக்கத்துக்கு உட்கார்ந்தார். ஏழு நாள் அப்படித்தான் உட்கார வேண்டும். செங்கமலம் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், கூட்டினாள், துடைத்தாள். ஐயா கதிரையை மட்டும் பார்க்காமல் சுற்றிப் போனாள். டீச்சர் சொன்னதை மட்டும் அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கொழும்புக்காரர் கிளம்பிப்போன அன்றைக்கு அம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஐயா என்னம்மா சொன்னாரு?"

"உயிருக்கு ஆபத்துன்னா சப்பாத்தே கெடையாதாம், செங்கமலம். போன் எடுக்கலாம், வாகனத்தில ஏறலாம், யாரையும் ஏவலாம். செய்யாம நின்னாத்தான் பாவமாம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்." அவர் குரலில் ஒன்றுமே இல்லை. "எனக்கு யார் சொன்னா? படிச்சவர் அவர்தான். அவருக்குத் தெரிஞ்சிருக்கும். வாய் தொறக்க முடியாமக் கெடந்தார். வாய்வா இருக்கும், வாய்வுக்குப் போயி சப்பாத்தை ஒடைக்கிறதான்னு நான் நின்னேன்."

அன்றைக்கு பஸ்ஸில் செங்கமலம் யாரோடும் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவள் என்னக்கா, உடம்பு சுகமில்லையா என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். இவளுக்கு ஆண்டவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஏன்டா அனுப்பின? மழையில் என்னை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினவன் நீதானே? கண்ணைக் கொடுத்தாய், அன்றைக்கு மட்டும் ஏன் பிடுங்கிக்கொண்டாய்? கலஹாவில் இறங்கி மாரியம்மன் கோவிலைக் கும்பிடாமலே கடந்து போனாள். அவள் வயதுக்கு அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் லைட்டை யார் போடுவது? போனாள்.

பலகை சுவரோரமாய்ச் சாத்தியிருந்தது. ராஹேல் அம்மா வெளுத்த சேலை கட்டி, தலை வாரி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துக்கத்துக்கும் சப்பாத் உண்டு. அன்றைக்கு ஒருநாள் பலகையிலிருந்து எழுந்துவிட வேண்டும், நல்ல துணி உடுத்த வேண்டும், அடுத்தவர் முன்னால் அழக் கூடாது. அழுது அழுது வீங்கிப்போன கண்ணை வைத்துக்கொண்டு அந்த அம்மா சட்டப்படி உட்கார்ந்திருந்தார்.

அதற்குமேல் செங்கமலத்தால் தாங்க முடியவில்லை. காலடியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இன்னைக்கிக் கேக்கக் கூடாதுதான். கேக்காம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்மா. அன்னைக்கி எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. என்னய்யா முடியலியான்னு. சனிக்கிழமையாச்சேன்னு முழுங்கிட்டேன். பஸ்ஸுக்கு வேற அவசரம். நான் கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கதானே? ஐயா இருந்திருப்பாருதானே?"

வெளியே லாரி ஒன்று போய்ச் சத்தம் அடங்கியது. பிறகு ராஹேல் அம்மா குனிந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல, செங்கமலம். நீ கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஒண்ணுமில்ல, வாய்வு, நீ சடங்குக்குப் போன்னுதான் சொல்லியிருப்பேன்."

பொய். த்ரீவீலில் ஏறிய அந்த ஒரு நாளைத் தவிர ஆயுசு முழுக்க ஒரு சப்பாத்தைத் தவறவிடாத அம்மா, அன்றைய சப்பாத்தில் கண்ணைப் பார்த்துச் சொன்ன பச்சைப் பொய். ஜஹானா டீச்சர் போனில் சொன்னதைச் செங்கமலம் மறந்துவிடவில்லை. அது பொய்யென்று தனக்குத் தெரியும் என்பதை மட்டும் அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்படியாம்மா?" என்றாள்.

"அப்படித்தான்," என்றார் ராஹேல் அம்மா.

அம்மாவின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. செங்கமலம் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அன்றைக்கு அழக் கூடாத அந்த அம்மாவுக்கும் சேர்த்து அழுதாள்.